சுரங்கத்துக்கு எந்தப் பக்கம்? இலங்கை மலையகத்தில் தங்குமிடம் தேடுபவர்களுக்கு

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில், பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டியதும் ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். இலங்கை ரயில் பாதையின் உச்சி அந்த இடம்தான். கடல் மட்டத்திலிருந்து 1,890 மீட்டருக்கும் மேல். ஜூன், ஜூலை மாதங்களில் அந்த வழியாகப் போனவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். சுரங்கத்துக்குள் போகும்போது ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருக்கும், மூட்டத்தில் பக்கத்து மரம்கூடத் தெரியாது. சற்று நேரம் இருட்டு. மறுபக்கம் ஒஹிய பக்கமாக வெளியே வந்தால் பளிச்சென்று வெயில், கீழே ஊவா மாகாணத்தின் மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும்.

மலையகத்தில் எங்கே தங்கலாம் என்று சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுரங்கம்தான் நினைவுக்கு வரும். "நுவரெலியாவில் நல்ல ஹோட்டல் ஒன்று சொல்லுங்க" என்று கேட்பார்கள். "எந்த மாதம் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மாதம் தெரியாமல் மலையகத்தில் ஊர் சொல்ல முடியாது. ஊர் முடிவாகாமல் ஹோட்டல் பார்ப்பதில் பயனில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்த்து ஹோட்டலை முதலில் பிடித்துவிட்டு, மற்றதையெல்லாம் பிறகு யோசிக்கிறார்கள்.

இலங்கையின் நடு மலைத்தொடர் ஏறக்குறைய ஒரு நங்கூரத்தின் வடிவம் கொண்டது. ஒரு கை மேற்கே சிவனொளிபாதமலை வரை நீள்கிறது, மற்றது கிழக்கே நமுனுகுலை வரை. நங்கூரத்தின் தண்டு வடக்கே பிதுருதலாகலை நோக்கிப் போகிறது. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலைதான் தீவின் மிக உயர்ந்த மலை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்தச் சுவரில் மோதுகிறது. கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் அந்த மோதலை நேராக வாங்கும் ஊர்கள். மேற்குச் சரிவின் சில இடங்களில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு மலையைத் தாண்டும் காற்று, மறுபக்கம் இறங்கும்போது வறண்டு சூடாகிவிடும். கச்சான் என்று கிழக்கிலங்கையில் சொல்வது அந்தக் காற்றைத்தான். அந்த மாதங்களில் பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை, எல்ல, பதுளை எல்லாம் காய்ந்து கிடக்கும்.

டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை கதை தலைகீழ். வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து வந்து கிழக்குச் சரிவை நனைக்கும். பதுளையும் எல்லவும் குடை பிடிக்கும் காலத்தில் அட்டன் பக்கம் வானம் தெளிய ஆரம்பித்துவிடும். ஒக்டோபர், நவம்பர் இரண்டு பக்கத்துக்குமே சிரமமான காலம். காலையில் வெயில் அடித்தாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை வரும். வங்கக்கடலில் புயல் உருவானால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தேயிலைக்காரர்களிடம் இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மேற்குச் சரிவின் டிம்புள தேயிலைக்கு நல்ல பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. கிழக்கே ஊவா தேயிலைக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. வறண்ட குளிர்காற்று அடிக்கும்போது கொழுந்து மெதுவாக வளரும், அப்போதுதான் அதில் மணம் ஏறும். ஏலத்தில் நல்ல விலை போவதும் அந்த வாரங்களில் பறித்த தேயிலைதான். தேயிலைக்கு மணம் ஏறும் காலத்தில் அந்தப் பக்கம் காய்ந்து, தெளிந்து, மலை தெரியும்படி இருக்கும் என்று அர்த்தம். ஜனவரியில் போகிறீர்களா, அட்டன், டிக்கோயா, தலவாக்கலை பக்கம் பாருங்கள். ஓகஸ்டில் என்றால் அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல. எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான வழி இல்லை.

இது எனக்கும் பட்டுத்தான் புரிந்தது. சில வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேற்குச் சரிவில் ஒரு பழைய பங்களாவில் மூன்று இரவு தங்கினேன். படத்தில் நீர்த்தேக்கமும் மலையும் அவ்வளவு அழகாக இருந்தன. போய்ச் சேர்ந்த நிமிடத்திலிருந்து மழை. போர்வை ஈரமாக இருந்தது, அலமாரியைத் திறந்தால் பூஞ்சண வாடை, துவைத்துப் போட்ட துணி கிளம்பும் நாள் வரை காயவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி. இரண்டாம் இரவு தூங்கவே இல்லை. சமையல்கார ஐயா விறகு அடுப்பின் தணலை ஒரு சட்டியில் போட்டு அறைக்குக் கொண்டுவந்தார். "தம்பி, இந்த மாசத்துல இங்க யாரும் வரமாட்டாங்க. பண்டாரவளைப் பக்கம் போயிருந்தா அம்மாவுக்கு நல்லா இருந்திருக்கும்" என்றார். முன்பதிவு செய்தபோது யாரும் இதைச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

மாதத்துக்கு அடுத்து உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை பாகை வெப்பம் குறையும். கண்டி சுமார் 500 மீட்டர்தான். அங்கே இரவில் மின்விசிறி தேவைப்படும், குளிரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். எல்ல 1,000 மீட்டரைச் சற்றே தாண்டும். பகலில் வெயில் உறைக்கும், இரவில் ஒரு மெல்லிய போர்வை போதும். பண்டாரவளை 1,200 மீட்டரைத் தாண்டியது. வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் கூட வருகிறார்கள் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு பண்டாரவளை என்றுதான் சொல்வேன். அதிகக் குளிரும் இல்லை, அதிக மழையும் இல்லை. ஆஸ்பத்திரி, கடை, ரயில் நிலையம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேல், ஒரு மலைமுகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஊர். தெற்கே பார்த்தால் தரை அப்படியே விழுந்து தாழ்நிலம் வரை தெரியும். ஆனால் காற்று பிய்த்துக்கொண்டு போகும், மத்தியானத்தில் மூட்டம் கீழிருந்து எழும்பி ஊரை மூடிவிடும். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர். பகலில் 20 பாகை, இரவில் பத்துப் பன்னிரண்டு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படரும்.

இங்குள்ள வீடுகள் குளிருக்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மெல்லிய சுவர், தகரக் கூரை, சரியாக மூடாத ஜன்னல். பழைய பங்களாக்களில் கணப்பு இருக்கும், ஆனால் பெரும்பாலும் வரவேற்பறையில் மட்டும். ஆகவே நுவரெலியாவில் அறை எடுக்கும்போது மூன்று விஷயத்தைக் கட்டாயம் கேட்பேன். அறைக்குள் ஹீட்டர் இருக்கிறதா, சுடுதண்ணீர் எந்த நேரத்திலும் வருமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் அவை ஓடுமா. அப்புறம் ஜன்னல். மலைகளில் காலை தெளிவாக இருக்கும், மதியத்துக்குப் பிறகுதான் மேகம் கூடும். அதனால் மேற்கு பார்த்த அறைக்கு வெயிலே கிடைக்காமல் போகலாம். கிழக்கு பார்த்த அறை காலை வெயிலில் சூடேறி ஈரம் காய்ந்துவிடும். ஹோட்டல்காரர்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள், ஆனால் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரங்களைக் கூட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, நீங்கள் போகும் அதே மாதத்தில் தங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். பெப்ரவரியில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய அறையே ஜூலையில் ஈரம், வாடை, அட்டைக்கடி என்று திட்டு வாங்கியிருக்கும். இரண்டுமே உண்மைதான்.

நுவரெலியா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் முதலில் கேட்கும் ஊர் அது என்பதால். ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் 1848இல் குடியேறிப் பண்ணை போட்ட காலத்திலிருந்தே வெள்ளைக்காரர்களுக்கு அது தாயகத்தின் சாயல் கொண்ட ஊர். 1873இல் ஆளுநர் கிரெகரி ஏரியை உண்டாக்கினார். உச்சியில் இருப்பதால் இரண்டு பருவமழையும் அந்த ஊரைத் தொடும். பெப்ரவரியும் மார்ச்சும்தான் ஓரளவு நிச்சயமாகக் காய்ந்திருக்கும் மாதங்கள். ஏப்ரல் முழுவதும் 'சீசன்'. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, புத்தாண்டு விடுமுறை எல்லாம் ஒன்றாக வரும். தீவு முழுவதும் அங்கே திரண்டுவிடும், அறை வாடகை பல மடங்கு ஏறும், ஏரியைச் சுற்றி வாகனம் நகராது. திருவிழாக் கூட்டம் பிடிக்கும் என்றால் ஏப்ரலில் போங்கள், சந்தோஷமாக இருக்கும். அமைதி தேடுபவர்கள் அந்த மாதத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். நகரத்துக்குள் தங்குவதைவிட, சீதா எலிய பக்கமோ கந்தப்பளை பக்கமோ கொஞ்சம் தள்ளித் தங்குவது எனக்குப் பிடிக்கும். லீக்ஸும் கேரட்டும் கோவா எனும் முட்டைக்கோஸும் படிக்கட்டுப் படிக்கட்டாக விளைந்திருக்கும். சீதையம்மன் கோயில் பக்கத்தில். கந்தப்பளையில் ஹெதர்செட் என்ற பழைய தேயிலைத் தொழிற்சாலையையே ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். கொழுந்து வாட்டிய மாடிகள் இன்று அறைகள். செலவு அதிகம், ஆனால் அந்த இரும்புத் தூண்களையும் பழைய இயந்திரத்தையும் பார்க்க ஒரு முறை போகலாம்.

எல்ல இதற்கு நேர் எதிர். கொஞ்ச காலம் முன்பு வரை ஒரு சின்னச் சந்திதான். தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம் படங்களில் பரவிய பிறகு சரிவெல்லாம் கட்டடமாகிவிட்டது. இரவில் கடைத்தெருவின் இசை மலையில் எதிரொலிக்கும். இளையவர்கள் கூட்டமாகப் போவதென்றால் அந்தக் கலகலப்பு நன்றாகவே இருக்கும். பாலத்தையும் சின்னச் சிவனொளிபாதம் என்ற குன்றையும் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் பண்டாரவளையில் தங்கி ரயிலில் வந்து போகலாம். இரண்டுக்கும் இடையில் அதிகத் தூரமில்லை.

சில இடங்களுக்கு மட்டும், பார்க்கும் நேரமே தங்கும் ஊரைத் தீர்மானிக்கும். ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்று சொல்லும் செங்குத்து மலைவிளிம்பை காலை ஒன்பது, பத்து மணிக்குள் மேகம் மூடிவிடும். அதற்கு விடியற்காலையில் வாசலில் நிற்க வேண்டும். பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ தங்கினால் நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை. சிவனொளிபாதமலை ஏறுபவர்களுக்கு நல்லதண்ணியில் தங்குவது வசதி. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரைதான் யாத்திரைக் காலம், மற்ற மாதங்களில் படிகளில் விளக்கும் இருக்காது, கடையும் இருக்காது.

இனிப் பங்களாக்கள். மலையகத்தில் மனதைப் பறிக்கும் தங்குமிடம் எது என்று கேட்டால் தயங்காமல், தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகள் வாழ்ந்த பழைய பங்களா என்பேன். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஆடம்பரமாக மாற்றியமைத்தவை உண்டு, தோட்டக் கம்பெனிகள் வாடகைக்கு விடும் எளிமையானவையும் உண்டு. அவை ஏன் அவ்வளவு நல்ல இடத்தில் இருக்கின்றன என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். கோப்பிக் காலத்திலும், 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தபின் தேயிலைக் காலத்திலும், தோட்டத்துக்குத் துரை வந்ததும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். மலையின் உறுதியான தோளில், மேலே ஊற்றுத் தண்ணீர், கீழே தோட்டம் முழுவதும் கண்ணில் படும்படி தனக்கு வீடு. தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த தொழிலாளர்களுக்கு மிஞ்சிய இடத்தில் லயன் எனப்படும் வரிசை வீடுகள். சரிவின் அடியிலும் ஓடைப் பள்ளத்திலும், ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அந்தத் தேர்வின் பலன் இன்றைக்கும் தொடர்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது மண்ணுக்குள் போனவை லயன்கள். அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள்.

இது தங்குமிடம் தேடுபவருக்கு எதற்கு என்று தோன்றலாம். நேரடியாகத் தொடர்புடையது. நல்ல இடங்களில் நூறு வருடம் முன்பே கட்டிவிட்டார்கள். இன்று புதிதாக எழும் ஹோட்டல்களில் பல, யாரும் கட்டத் துணியாத சரிவை நேராக வெட்டி, மண்ணை அடுத்த சரிவில் தள்ளிக் கட்டியவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை மலையாகச் சரிந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. அதற்குப் பிறகு காட்சியை மட்டும் பார்த்து அறை எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. கட்டடத்துக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர் எவ்வளவு உயரம், தாங்குசுவர் இருக்கிறதா, அதில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்று படத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். போய்ச் சேர்ந்ததும் சுற்றிப் பாருங்கள். தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவை தெரிந்தால் முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று கிளம்பிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், அம்பர் (செம்மஞ்சள்), சிவப்பு என்று மூன்று கட்டமாகப் பிரதேச வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும். அம்பர் வந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுவது நல்லது.

வழியும் தங்குமிடத்தின் பகுதிதான். வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர் என்று காட்டும் தோட்டத்து வீதி, வேனுக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம், மழைக்குப் பின் ஏறவே முடியாமலும் போகலாம். "கடைசித் துண்டுக்கு என்ன வாகனம் வேண்டும்?" என்று கேட்டால் தோட்டத்து ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள். இருட்டுவதற்கு முன் போய்ச் சேருங்கள். 2025இல் மே மாதம் கொத்மலைப் பக்கம் கெரண்டியெல்லவில் 20க்கு மேற்பட்டவர்களையும், செப்டெம்பரில் எல்ல வெல்லவாய வீதியில் 15 பேரையும் பலிகொண்ட பஸ் விபத்துகள் இரண்டும் இருட்டில் நடந்தவை, ஒன்று விடியுமுன், மற்றது இரவில். ரயிலில் போகிறவர்கள் 30 நாளுக்கு முன்பே இருக்கை பதிவு செய்யலாம். புயலுக்குப் பிறகு எந்தப் பகுதி வரை ஓடுகிறது என்று முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு, நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காசு விஷயத்தில் ஒன்றுதான். சொல்லும் வாடகையோடு 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வரியும் சேர்ந்ததா இல்லையா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேராவிட்டால் 10,000 ரூபாய் அறை கிட்டத்தட்ட 13,000 ஆகிவிடும். சாரதியோடு போனால் அவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா என்று கேளுங்கள். நாள் முழுக்க கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் உயிரைக் கையில் வைத்திருப்பவர் இரவில் வாகன இருக்கையில் சுருண்டு படுப்பது சரியில்லை.

தமிழில் பேசிக்கொண்டு தங்கக்கூடிய மலைப்பிரதேசம் இது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை எங்கும் தமிழ் ஓடும். தோட்டத் தொழிலாளர்களின் 1823இல் தொடங்கிய வருகைக்கு 2023இல் இருநூறு வருடம் ஆனபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை தங்கள் முன்னோர் நடந்த வழியில் மலையக மக்கள் மறுபடி நடந்தார்கள். அந்த மக்களின் பிள்ளைகள் சிலர் இன்று நகரங்களில் சொந்தமாக வீடு கட்டி இரண்டு மூன்று அறைகளை விருந்தினருக்கு விடுகிறார்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சுடச்சுட ரொட்டியும் இடிச்ச சம்பலும் சாயத் தண்ணி எனும் வெறுந்தேநீரும் காலையில் மேசைக்கு வரும். எந்த மலையில் இப்போது மழை, எந்த வீதி நேற்று உடைந்தது, நாளைக்கு உலக முடிவு தெரியுமா தெரியாதா, எல்லாம் அந்த வீட்டு அக்காவுக்குத் தெரிந்திருக்கும். பணம் கட்டுவதற்கு முன் அவரிடம் ஒரு தடவை தொலைபேசியில் பேசுங்கள். "இந்த மாதம் அங்கே வரலாமா அக்கா?" என்று கேளுங்கள். வேண்டாம், அடுத்த பக்கம் போங்க என்று அவர் சொன்னால், அவர் சொல்லும் பக்கத்திலேயே அறை தேடுங்கள்.